ஹீமோபீலியா சொசைட்டி, மாவட்டக் கிளை: உள்ளே இருந்துகொண்டு ஒரு ரிவ்யூ

ஹீமோபீலியா உள்ள பிள்ளைகளின் வீட்டாரும், அந்த நோயோடு வளர்ந்து பெரியவர்களானவர்களும் சேர்ந்து நடத்துகிற சொசைட்டிகள் நாடு முழுக்க இருக்கின்றன. அதில் ஒரு மாவட்டக் கிளையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சம்பளத்துக்கு ஒருத்தர்கூடக் கிடையாது. ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ள ஒரு அச்சகத்து மாடியில் பீரோவும் கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலியும். ஊர்ப் பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன், அப்புறம் அதே ஆட்களோடுதான் ஜிஹெச் வராண்டாவில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மாதிரி இடங்களுக்கு ஆன்லைனில் இரண்டே வகை விமர்சனம்தான் பார்க்கிறேன். 'மனித தெய்வங்கள்' என்று ஒன்று, 'போன் எடுக்கவே மாட்டார்கள்' என்று ஒன்று. இப்போதுதான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அம்மா அப்பாவுக்கு இந்த இரண்டுமே உதவாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்று குறைவாக இருப்பதுதான் நோய். இந்தப் புரதங்களைத்தான் ஃபேக்டர் என்கிறோம், 8-ஆவது ஃபேக்டர் குறைந்தால் ஏ வகை, 9-ஆவது குறைந்தால் பி வகை. கையை வெட்டிக்கொண்டு ரத்தம் கொட்டுவதைவிட, வெளியே தெரியாமல் உள்ளே கசிவதுதான் பெரிய தொல்லை, அதுவும் முட்டி, கணுக்கால், முழங்கை இந்த மூன்றில். சாயங்காலம் விளையாடிவிட்டு வந்த பையன் ராத்திரி காலை நீட்ட முடியாமல் அழுவான், தொட்டால் சுடும், விடிவதற்குள் முட்டி தேங்காய் மாதிரி உருண்டிருக்கும். அதே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் இறங்கினால் மூட்டே கெட்டுப்போகும். தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும், ஆனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒருத்தருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இருந்திருக்காது. எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. என் தாய்மாமா முட்டி மடங்கியபடியேதான் கடைசிவரை நடந்தார், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்பது குடும்பத்தில் சொல்லிவந்த கதை. என் பையனுக்கு டெஸ்ட் எடுத்த பிறகு அந்த மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மருந்து என்பது இல்லாத ஃபேக்டரை நரம்பு வழியாக ஏற்றுவதுதான். ஏ வகைக்குக் கணக்கு எளிது: பிள்ளையின் எடையை, எத்தனை சதவீதம் ஏற்ற வேண்டுமோ அதால் பெருக்கி, அதில் பாதி. 30 கிலோ பையனுக்கு 40 சதவீதம் ஏற்ற 600 யூனிட் வேண்டும். அதுவும் சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும், கசிவு பெரிதென்றால் மறுபடி போட வேண்டும். வெளியே காசு கொடுத்து வாங்கி ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஜிஹெச் பிரிட்ஜில் ஃபேக்டர் இருக்கிறதா என்பதுதான் எங்களுக்கு எல்லாமே, ஒரு சொசைட்டியை எடைபோடுவதற்கும் எனக்கு அதுதான் அளவுகோல். எத்தனை கேம்ப் நடத்தினார்கள், யார் வந்து குத்துவிளக்கு ஏற்றினார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

இந்த அமைப்புகளின் பூர்வீகம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. உலகக் கூட்டமைப்பை 1963-இல் தொடங்கிய பிராங்க் ஷ்னாபெல் மான்ட்ரியலைச் சேர்ந்த வியாபாரி, அவருக்கே கடுமையான ஹீமோபீலியா. ஏப்ரல் 17 அவருடைய பிறந்த நாள், 1989 முதல் அதைத்தான் உலக ஹீமோபீலியா தினமாக வைத்திருக்கிறார்கள். இந்தியக் கூட்டமைப்பை 1983-இல் டெல்லியில் ஆரம்பித்த அசோக் பகதூர் வர்மாவும் நோயாளிதான். இன்றைக்கு அதன் கீழே நாடு முழுக்க எண்பதுக்கு மேல் கிளைகள், எல்லாம் அந்தந்த ஊர்க் குடும்பங்கள் இழுத்துக்கொண்டு போகிறவை. எங்கள் கிளையில் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் ஃபேக்டர் கண்ணில்படாத காலத்து ஆட்கள். ரத்த வங்கி வாசலில் கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது) பைக்குக் காத்திருந்து, பிளாஸ்மா ஏற்றிக்கொண்டு, கால் நீட்ட முடியாமலேயே பரீட்சை எழுதப் போனவர்கள். 1980-களில் பல நாடுகளில் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து வழியாக எச்ஐவியும் ஹெபடைடிஸும் எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பரவிய கதையை அவர்கள் சொல்லித்தான் கேட்டேன். கேம்பில் யாராவது "கொடுக்கிற மருந்தை வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்றால் அவர்களுக்கு ஏன் அப்படிக் கோபம் வருகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

சரி, சேவைக்கு வருகிறேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவர்கள் செய்வது அருமை, இதில் குறையே சொல்ல மாட்டேன். போன் பண்ணினால் முதலில் பேசுவது ஒரு அம்மாதான், டாக்டரோ கவுன்சிலரோ இல்லை. பையனுக்கு எத்தனை வயசு, எந்த வகை, ஃபேக்டர் எவ்வளவு சதவீதம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக அவர் கேட்டது "நீங்க சாப்டீங்களா?" என்றுதான். நோயைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு அட்டை வந்தது, கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் போட்டது. தசையில் ஊசி போடக் கூடாது, ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, தலையில் அடிபட்டால் வீங்கும்வரை காத்திருக்காதே, முதலில் ஃபேக்டர் அப்புறம் ஸ்கேன். பின்பக்கம் தமிழில் டீச்சருக்கு, ஆங்கிலத்தில் டியூட்டி டாக்டருக்கு. பையனின் ஸ்கூல் பையில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று, மாமியார் வீட்டுப் பிரிட்ஜ் மேலே ஒன்று ஒட்டியிருக்கிறது.

அந்த அட்டை எத்தனை உபயோகம் என்பதைக் கேஷுவால்டியில் நின்று பார்த்தால்தான் தெரியும். எல்லா டியூட்டி டாக்டரும் ஹீமோபீலியா கேஸ் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது, அவர்களைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை, நோயே அபூர்வம். ஒரு ராத்திரி, எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம், கட்டிலிலிருந்து தலைகுப்புற விழுந்த குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஸ்கேன் வரிசையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தது. குரூப்பில் செய்தி வந்ததும் கமிட்டியில் இருக்கும் தம்பி, தானே ஊன்றுகோலோடு நடப்பவன், ஆட்டோ பிடித்து வந்து நின்றான். சத்தம் போடவில்லை. "சார், ஃபேக்டர் ஏத்துறதுக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும், அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஸ்கேன் எடுங்க சார், நான் கூடவே நிக்கிறேன்" என்று அட்டையை நீட்டினான். டாக்டர் படித்துப் பார்த்தார், போட்டார். அந்தப் பையன் பேசிய தோரணைக்கு எந்த நிறுவனமும் டிரெய்னிங் கொடுக்க முடியாது.

இன்னொன்று, வீட்டிலேயே ஊசி போடச் சொல்லிக்கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் ஒருவர் சும்மா வந்து உட்காருகிறார், அம்மாக்கள் ஒருத்தர் கையில் ஒருத்தர் சலைன் போட்டுப் பழக வேண்டும். ஸ்கால்ப் வெயின் செட் என்று கேட்டு வாங்கும் அந்தச் சின்ன பட்டர்ஃப்ளை ஊசியைத் தோலுக்குள் விட்டதும் டியூபில் ரத்தம் ஒரு இழை ஏறி வர வேண்டும், வந்தால் நரம்பு கிடைத்துவிட்டது, வராவிட்டால் குத்திக் குடையாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். ஃபேக்டர் குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைக்கும், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்ட வேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் தறிக்குப் போகிற ஒரு அக்கா, மூன்றாவது வரைக்கும்தான் படிப்பு, ஆனால் எந்த வார்டிலும் இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

ஆனால் இந்தக் கிளை உண்மையிலேயே வித்தியாசப்படுவது அரசிடம் கேட்டு வாங்கும் விதத்தில். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பது நம் எல்லாருக்கும் தெரியும். 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துக் கொடுப்போம், ஒரு ரசீது வரும், மனு எங்கேயோ போகும். இவர்கள் மனுவில் கடிதம் ஒரு பக்கம்தான். இரண்டாவது பக்கம் ஒரு அட்டவணை: பெயரில்லாமல் வரிசை எண், வயது, எடை, எந்த வகை, இன்ஹிபிட்டர் (ஏற்றும் ஃபேக்டரையே உடம்பு எதிர்த்து அழிப்பது) உண்டா, போன மூன்று மாதத்தில் எத்தனை தடவை கசிவு, மாதத்துக்கு எத்தனை யூனிட் வேண்டும். அடியில் கூட்டிப் போட்ட மொத்தம். அதற்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு. இந்த அட்டவணையைத் தயாரிக்க மாதக் கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுகிறவர்களும் அம்மாக்கள்தான்.

'ஸ்டாக் இல்லை' என்பது கவுன்டரில் ஒரு பதில், ஆனால் அதற்குப் பின்னால் பல காரணம் இருக்கலாம். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம். மாவட்டத்தில் கிடங்கு, ஆஸ்பத்திரிக்குப் பாஸ்புக், அதில் ஒதுக்கியுள்ள தொகைக்குக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்வது என்று ஒரு முறை இருக்கிறது. இதில் வார்டிலிருந்து இன்டென்ட்டே, அதாவது மருந்து கேட்டு எழுதும் சீட்டே, போகாமல் இருந்திருக்கலாம், போனது குறைவாக இருந்திருக்கலாம், கிடங்கில் இருந்தும் எடுக்க ஆள் போகாமல் இருந்திருக்கலாம், இல்லை மேலேயே கொள்முதல் முடியாமல் கிடக்கலாம். எங்கள் செயலாளர் அண்ணன் முதலில் ஸ்டோர் பார்மசிஸ்ட்டைப் போய்ப் பார்ப்பார், எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மனுவே எழுத மாட்டார். இன்டென்ட் போடாத விஷயத்துக்குக் கலெக்டரிடம் போனால் டாக்டர் முறைத்துக்கொள்வார், அந்த டாக்டர்தான் நமக்கு நாளைக்கும் வேண்டும். கொள்முதலே நின்றுபோனதற்கு உள்ளூர் டீனிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது, அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும், தனியாகப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள், மற்ற மாவட்டக் கிளைகளும் இதே அட்டவணையோடு வர வேண்டும். நான் பார்த்தவரை, வீராவேசமாகப் பேசுகிற சங்கங்களைவிட இப்படி பார்மசிஸ்ட்டோடு டீ குடிக்கிற சங்கத்துக்குத்தான் மருந்து வந்து சேருகிறது.

சட்டத்திலும் இப்படிக் கூட்டுச் சேர்ந்துதான் நுழைந்தோம். 1995-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைதான், 2016 சட்டத்தில் அது 21 ஆனபோது ஹீமோபீலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றும் உள்ளே வந்தன. அடையாள அட்டை, படிப்பில் இடஒதுக்கீடு இதெல்லாம் அதன்பிறகு கேட்க முடிகிறது. ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டைச் சொல்லும் 34-ஆவது பிரிவின் பட்டியலில் ரத்த நோய்கள் இல்லை. கல்லூரிக்கு நீ மாற்றுத்திறனாளி, வேலைக்கு நீ இல்லை. மூட்டு கெட்டு நடக்க முடியாமல் போனால் கைகால் ஊனம் என்று கேட்கலாமாம், அதாவது மருந்து கொடுத்து மூட்டைக் காப்பாற்றினால் ஒதுக்கீடு கிடையாது. இதைப் பற்றிக் கிளையில் பேசினால் பெரியவர்கள் சிரித்துவிட்டுப் பேப்பரை எடுத்து அடுத்த மனு எழுத உட்காருகிறார்கள்.

இனிக் குறைகள். முதல் குறை, எல்லாம் ஒரே ஒரு செல்போனில் ஓடுகிறது. செயலாளர் அண்ணனுக்கே முழங்கையில் கசிவு வந்து அட்மிட் ஆனபோது, எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பது, எந்த ஃபைல் எங்கே என்று மற்ற யாருக்கும் தெரியவில்லை, பீரோச் சாவியே அவர் வண்டிச் சாவியோடு கோத்திருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கிற அதே ஆள் பகலில் கடையில் நிற்க வேண்டும். அவர் போன் எடுக்கவில்லை என்று ஒன்று இரண்டு ஸ்டார் போடுகிறவர்கள், அவரும் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கலாம் என்று யோசித்தால் நல்லது. ஆனால் அவரும் யாரிடமும் பொறுப்பைக் கொடுக்க மாட்டேன் என்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். "நானே பாத்துக்கறேன்மா" என்பதைக் கேட்டுக் கேட்டு இளைஞர்கள் நாலைந்து பேர் ஒதுங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, வேலை செய்வது பெண்கள், மேடையில் உட்காருவது ஆண்கள். நோய் ஆண்களுக்குத்தானே என்பார்கள். ஜீனைச் சுமக்கிற பெண்கள் சிலருக்கும் ஃபேக்டர் குறைவாக இருக்கும், மாதவிடாயிலும் பிரசவத்திலும் அதிக ரத்தப்போக்கு வரும், ஆனால் எங்கள் அட்டவணையில் ரொம்ப நாள் பெண்களுக்கு ஒரு வரிசைகூடக் கிடையாது. 'உங்களால்தான் வந்தது' என்று மாமியார் வீட்டில் பேச்சு வாங்கிய பெண்களுக்கு ஒரு தனிக் கூட்டம் வேண்டும் என்று கேட்டால், "அடுத்த தடவை பாக்கலாம்" என்ற பதில்.

மூன்றாவது, கம்பெனி பேனர். மருந்து கம்பெனி காசு இல்லாமல் பெரிய கூட்டம் நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும், உலகக் கூட்டமைப்பு வழியாகவே கம்பெனிகள் தரும் நன்கொடை மருந்து 1996-லிருந்து பல நாடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது, அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. இருந்தாலும், குறிப்பிட்ட மருந்தைத்தான் அரசிடம் கேட்க வேண்டும் என்று ஒருத்தர் மேடையில் பேசும்போது, பின்னால் அதே மருந்தின் பேனர் தொங்கினால் கேட்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? கேம்புக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், அது போதும். ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளரிடம் கொடுக்கிறார்கள், எங்களுக்குக் காட்ட ஏனோ தாமதம்.

இதெல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருப்பது வேறு. ஜிஹெச்சில் மருந்து ஒழுங்காகக் கிடைக்க ஆரம்பித்ததும் கூட்டத்துக்கு ஆள் குறைகிறது. போராடி வாங்கியது வந்துவிட்டால் போராட்டக்காரர்களை வீட்டில் தூங்கச் சொல்லிவிடுகிறது. இப்போது எமிசிசுமாப் என்று தோலுக்கடியில் போடும் ஊசி வந்திருக்கிறது, ஏ வகைக்கு, வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ போட்டால் பெரும்பாலும் கசிவே வருவதில்லை, கேரளத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு வழியாகக் கொடுக்கிறார்கள். அது கிடைக்கும் பையன் கிரிக்கெட் ஆடுகிறான், அவன் எதற்கு ஞாயிற்றுக்கிழமை அச்சகத்து மாடிக்கு வரப்போகிறான்? வர வேண்டாம்தான், பிள்ளை விளையாடுவதற்காகத்தானே இத்தனையும். ஆனால் விலையுயர்ந்த மருந்து ஒரு வருடம் பட்ஜெட்டில் இருக்கும், அடுத்த வருடம் இருக்கும் என்று என்ன நிச்சயம். பி வகைக்காரர்களுக்கு அந்த ஊசி உதவவும் உதவாது. அந்த நேரம் பார்த்து அட்டவணை போட ஆளில்லாமல் போனால் எல்லாம் முதலிலிருந்து.

கிளையில் இதற்குச் சில ஏற்பாடுகள் ஆரம்பித்திருக்கிறார்கள், நன்றாகவே போகிறது. போன் டியூட்டியை வாரம் ஒருத்தர் என்று பிரித்து ஒரு தனி நம்பர் வாங்கிவிட்டார்கள், அண்ணன் ரொம்ப முனகினார். அட்டவணை இப்போது நாலு பேர் திறக்கக்கூடிய கூகுள் ஷீட்டில் இருக்கிறது. வாட்ஸப் குரூப்பை இரண்டாக்கினார்கள், ஒன்று அவசரத்துக்கு மட்டும், குட்மார்னிங் ரோஜாப்பூவெல்லாம் இன்னொன்றில். அதிலும் வேலூர் சிஎம்சி ஜீன் தெரபி செய்தி வந்த அன்றைக்கு 'ஹீமோபீலியா ஒழிந்தது' என்று ஃபார்வர்டு மேல் ஃபார்வர்டு, பார்மசி படித்த உறுப்பினர் ஒருத்தர் உட்கார்ந்து, 2024 டிசம்பரில் வெளியானது ஐந்து நோயாளிகள் பற்றிய ஆய்வு, பலன் நல்லது, ஆனால் இன்னும் ஆராய்ச்சிக் கட்டம், யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று பொறுமையாக எழுதினார். அந்த ஒரு மெசேஜுக்காகவே குரூப்பில் இருக்கலாம்.

யாருக்கு இந்தச் சேவை ஒத்துவரும் என்றால், புதிதாகத் தெரிந்த குடும்பத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன். உங்கள் ஊரில் வேறு கிளை என்றால் சேரும்போது கேட்க வேண்டியது: ஜிஹெச்சில் இன்றைய ஸ்டாக் எவ்வளவு என்று இவர்களுக்குத் தெரியுமா, செயலாளர் இல்லாவிட்டால் யார் போன் எடுப்பார், போன வருடக் கணக்கைக் காட்டுவார்களா. முதல் கேள்விக்குப் பதில் இல்லாத இடம் போட்டோ எடுக்கிற இடம், நகர்ந்துவிடுங்கள். மருந்து வாங்கித் தருகிறேன் என்று தனி ஆள் யாராவது கூகுள் பே நம்பர் கொடுத்தால் கிளையிடம் கேட்காமல் ஒரு பைசா போடாதீர்கள். காசு கொடுத்து சேவை வாங்குகிற நினைப்பில் போனால் ஏமாற்றம்தான், சேர்ந்த கொஞ்ச நாளில் உங்கள் கையிலும் பத்து வீட்டு நம்பர் கொடுத்து மாதக் கடைசியில் போன் பண்ணச் சொல்வார்கள், எனக்கு இப்போது பன்னிரண்டு வீடு.

மருந்து விஷயத்துக்கும் புதியவர்களைத் தாங்கிப் பிடிப்பதற்கும் 5-க்கு 5. நிர்வாகத்துக்கு இரண்டரை, அதுவும் போன் டியூட்டி வந்ததால். மொத்தத்தில் 4 போடுகிறேன். செயலாளர் அண்ணன் இதைப் படித்துவிட்டு நிச்சயம் கூப்பிடுவார். கணக்கை ஒட்டட்டும், பெண்கள் கூட்டத்துக்குத் தேதி சொல்லட்டும், அரை ஸ்டார் ஏற்றித் தருகிறேன்.